"பிரேக் பிடிக்கவில்லை"

விபத்துச் செய்திகளைப் படிக்கும் வாசகர்கள் ஒரு வாக்கியத்தை அடிக்கடி கண்டிருப்பார்கள். "பிரேக் போட்டும் வண்டி நிற்காமல் மோதியது" என்பதே அது. சில சமயங்களில் இன்னும் சுருக்கமாக, "பிரேக் பிடிக்கவில்லை" என்று வரும். மோதியவர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதும் இதுவே. நிருபர்கள் எழுதி அனுப்புவதும் இதுவே. இறந்தவர் வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்வதும் இதுவே. குற்றம் முழுவதும் ஓர் இரும்புக் கருவியின் மீது சுமத்தப்பட்டு விடுகிறது. இரும்பு எதிர்வழக்காடுவதில்லை. ஆகையால் விசாரணை ஒருதலையாகவே முடிந்து விடுகிறது. அந்த இரும்பின் தரப்பில் இன்று நாம் சிறிது வாதாட விரும்புகிறோம்.

இது வேடிக்கைக்குரிய விஷயமன்று. இந்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் வருஷத்தில் மட்டும் நமது தேசத்தின் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நிகழ்ந்தன. அவற்றில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல் என்று ஆகிறது. விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வருஷம் முதலிடம் பெற்றது நமது தமிழ்நாடே. 64,105 விபத்துக்கள் இங்கே நடந்தன. மாண்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தினால் மாண்டவர்கள் என்று அதே கணக்குக் கூறுகிறது. மொத்த விபத்துக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஒரு வண்டி மற்றொன்றைப் பின்புறமிருந்து மோதியதால் நேர்ந்தவை. இந்தக் கடைசி விவரத்தை வாசகர்கள் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். எதிரே திடீரென்று தோன்றிய பொருளோடு மோதியதன்று இது. பல நிமிஷங்களாகக் கண்ணெதிரே சென்றுகொண்டிருந்த வண்டியோடு மோதியது. இவ்வளவு வண்டிகளிலும் பிரேக் கெட்டா போயிருக்கும்? அவற்றில் மிகப் பலவற்றில் பிரேக் பிடிக்கத்தான் செய்தது. பிடித்து நிற்பதற்கு வேண்டிய இடத்தைத்தான் ஓட்டியவர் அதற்குக் கொடுக்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

வண்டியை நிறுத்துவது என்பது ஒரு செயலன்று. ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல செயல்கள். முதலில் கண் அபாயத்தைக் காண வேண்டும். மனம் அதை அபாயம் என்று உணர வேண்டும். பிறகு கால் ஒரு மிதியிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். நல்ல விழிப்புடன் இருப்பவருக்கே இதற்குச் சுமார் ஒரு விநாடி பிடிக்கும். களைத்தவருக்கும், குடித்தவருக்கும், டெலிபோனில் பேசுகிறவருக்கும் இன்னும் அதிகமாகும். அந்த ஒரு விநாடியில் வண்டி காத்து நிற்பதில்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் 10 மீட்டரைக் கடந்து விடும்; 72 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர்; 108 கிலோமீட்டர் வேகத்தில் 30 மீட்டர். இவ்வளவு தூரமும் பிரேக் தொடப்படுவதற்கு முன்பே கழிந்து போனது.

அதன் பின்னரே பிரேக்கின் வேலை தொடங்குகிறது. நல்ல டயரும், உலர்ந்த தார்ச் சாலையும், பழுதில்லாத பிரேக்கும் உள்ள ஒரு கார், 36 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்குச் சுமார் 7 மீட்டர் போதும். வேகம் இருமடங்காகி 72 ஆனால் தூரமும் இருமடங்காகி 14 மீட்டர் ஆகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது 14 அன்று, 29. வேகம் மும்மடங்காகி 108 ஆனால் 21 அன்று, 64. ஏனெனில் ஓடும் வண்டியில் அடங்கியுள்ள சக்தி வேகத்தின் அளவாக வளர்வதில்லை. வேகத்தின் வர்க்கமாக வளர்கிறது. அந்தச் சக்தி முழுவதையும் பிரேக்குகள் உஷ்ணமாக மாற்றித் தீர்த்தால்தான் வண்டி நிற்கும். மேலே சொன்ன ஒரு விநாடியின் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால், 36-ல் 17 மீட்டர், 72-ல் 49 மீட்டர், 108-ல் 94 மீட்டர் தேவை. நூறு மீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கும் மைதானத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நாம் சாதாரணமாகச் செல்லும் வேகத்தில், அபாயத்தைக் கண்ட இடத்திலிருந்து நிற்கும் இடம் வரை ஏறக்குறைய அந்த மைதானத்தின் நீளம் வேண்டும். சாலை அமைக்கும் இஞ்சினீயர்கள் இன்னும் ஜாக்கிரதையானவர்கள். ஓட்டுபவர் உணர்ந்து செயற்பட இரண்டரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டு, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டரும், 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டரும் கண்ணுக்குத் தடையின்றித் தெரியவேண்டும் என்று நமது தேசத்தில் கணக்கிடுகிறார்கள்.

"பத்துக் கிலோமீட்டர் கூடுதலாகப் போவதால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக, ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்திலும் மற்றொன்று 60 கிலோமீட்டர் வேகத்திலும் வருகின்றன. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வருகிறது. இருவரும் ஒரே கணத்தில் காண்கிறார்கள். ஒரே கணத்தில் பிரேக்கை அழுத்துகிறார்கள். முதற் கார் சுமார் 28 மீட்டரில் குழந்தைக்கு முன் வந்து நின்று விடுகிறது. அதே இடத்துக்கு இரண்டாவது கார் வந்து சேரும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டர். ஒருவர் குழந்தையைக் கடிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். மற்றவர் ஆஸ்பத்திரிக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ போகிறார். இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பத்தே கிலோமீட்டர். அந்த வித்தியாசத்தினால் ஐந்து கிலோமீட்டர் பிரயாணத்தில் இரண்டாமவர் மீத்திருக்கக் கூடிய காலம் ஒரு நிமிஷம்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இருக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. முன்னே செல்லும் வண்டி திடீரென்று வேகம் குறைந்தாலும் நின்றாலும் மோதாதபடி போதிய இடைவெளி விட்டே பின்னே வருபவர் செல்லவேண்டும் என்று 1989-ம் வருஷத்துச் சாலை விதிகள் கட்டளையிட்டன. பாதுகாப்புக்கு அவசியமானாலன்றித் திடுமெனப் பிரேக் போடலாகாது என்பதும் அவற்றில் அடுத்த விதி. அவ்விதிகளுக்குப் பதிலாக 2017-ம் வருஷத்தில் புதிய விதிகள் வந்தபோதும் இடைவெளி காக்கும் கடமை நீங்கவில்லை. 2018-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிய ஒரு வழக்கில், ஒரு லாரியைப் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் ஒரு கார் தொடர்ந்து சென்றது. லாரி திடீரென்று பிரேக் போட, கார் அதன் பின்புறத்தில் மோதியது. போதிய இடைவெளி விடும் கடமையில் தவறியவர் காரை ஓட்டியவரே என்று கோர்ட்டு கண்டது. பதினைந்து அடி என்பது ஐந்து மீட்டருக்கும் குறைவு. 60 கிலோமீட்டர் வேகத்தில் அத்தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. கால் பிரேக்கைத் தேடி எழுவதற்குள் மோதல் முடிந்து விடும். அத்தகைய நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த பிரேக் இருந்தும் பயன் என்ன?

இடைவெளியை அளந்து பார்க்கக் கோலும் கயிறும் வேண்டியதில்லை. முன்னே செல்லும் வண்டி சாலையோரத்தில் உள்ள ஒரு மரத்தையோ மைல்கல்லையோ தாண்டும்போது, "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அதே இடத்தை அடைந்துவிட்டால் அளவுக்கு மீறி நெருங்கி விட்டீர்கள் என்று பொருள். இரண்டு விநாடி என்பது நல்ல வெளிச்சத்திலும் உலர்ந்த சாலையிலும் குறைந்தபட்ச அளவு. மழையில் அதை நான்கு விநாடியாக்க வேண்டும். முன்னே செல்லும் வண்டியும் பிரேக் போட்டு நிற்பதற்குச் சிறிது தூரம் ஓடும் என்ற நம்பிக்கையின் மேல் அமைந்த கணக்கு இது என்பதையும் மறக்கலாகாது. இரவில் விளக்கின்றிச் சாலையில் நிறுத்தப்பட்டிருக்கும் லாரி அந்தச் சலுகையைக் காட்டாது. ஆகையால் இரவில், தமது விளக்கொளி எட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் செல்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு செல்பவரே ஆவார்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். "நான் இடைவெளி விட்டால் இன்னொருவன் அதில் புகுந்து விடுகிறானே!" என்பதே அது. இதைச் சொல்லாத மோட்டார்காரர் நம் நாட்டில் இல்லை. இது உண்மைதான். ஆனால் அதனால் நேரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர் புகுந்தால், நாம் சற்றுக் காலைத் தளர்த்தி மறுபடி இரண்டு விநாடி பின்தங்கினால் போதும். நூறு கிலோமீட்டர் பிரயாணத்தில் இருபது பேர் அவ்வாறு புகுந்தாலும் மொத்த நஷ்டம் 40 விநாடி. கூட ஒரு வாய் காபி குடிப்பதற்கும் அது போதாது. புகுந்தவனிடம் நாம் தோற்றுப் போனதாக எண்ணும் மனம்தான் உண்மையான தடை. சாலையில் கௌரவம் பார்க்கத் தொடங்கியவர் முன்னே செல்பவனின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு விரட்டுகிறார். அந்தக் கௌரவத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய காரில் இருக்கும் மனைவி மக்களே. நம்மைப் பின்னாலிருந்து ஒருவன் அவ்விதம் நெருக்கினால், கோபத்தில் பிரேக்கைத் தட்டி அவனுக்குப் புத்தி புகட்ட முயலலாகாது. நமக்கு முன்னுள்ள இடைவெளியை இன்னும் சிறிது பெருக்கிக் கொண்டு, மெல்ல வழிவிட்டு அவனைப் போகச் செய்வதே விவேகம்.

பிரேக்கை உபயோகிக்கும் முறையிலும் நம்மவர்கள் சில தவறான வழக்கங்களைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஓட்டி பிரேக்கைக் கண்ணினால் முதலில் போடுகிறார். தொலைவிலே சிவப்பு விளக்கையோ மாட்டு மந்தையையோ கண்டவுடன் காலைத் தளர்த்தி விடுகிறார். பிறகு அவருடைய கால் செய்ய வேண்டிய வேலை மிகச் சிறிது. பஸ்ஸில் நிற்கும் கிழவி கம்பியைத் தேடித் தடுமாறாமலிருந்தால், அந்த டிரைவர் தொழில் அறிந்தவர் என்று சொல்லி விடலாம். எனினும் அபாயம் உண்மையாகவே வந்துவிட்ட கணத்தில் மென்மை உதவாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் ஏற்பாடு உள்ள வண்டியில், பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தி, விடாமல் பிடித்திருக்க வேண்டும். காலின்கீழ் மிதி அதிரும். பயந்து காலை எடுத்து விடக் கூடாது. அந்த ஏற்பாட்டின் முக்கிய லாபம், பிரேக் போட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பவும் முடிகிறது என்பதே. எல்லா இடங்களிலும் நிற்கும் தூரத்தை அது குறைத்து விடும் என்று நம்பி எவரும் வேகத்தைக் கூட்டலாகாது. உதிரி ஜல்லியிலும் மணலிலும் தூரம் சற்று அதிகமாவதும் உண்டு.

மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2022-ம் வருஷத்தில் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். "முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய்" என்ற உபதேசம் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது. இது பாதி உண்மை. ஆகையால் முழுப் பொய்யைக் காட்டிலும் ஆபத்தானது. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து முன் சக்கரத்தை அழுத்துகிறது. அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கிலேயே இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் அந்தப் பெரும்பங்கை உபயோகிக்காமலே மோதுகிறார். வண்டியை நேராக நிமிர்த்தி, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் வரவர இறுக்க வேண்டும். வளைவிலும் மணலிலும் மட்டுமே முன் பிரேக்கிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இதை யாரும் இல்லாத இடத்தில் நாலு நாள் பழகிப் பார்த்தால் போதும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். 2019-ம் வருஷத்திலிருந்து கட்டாயமாக்கப்பட்டது நல்ல காரியம். ஆயினும் கருவி வந்ததனால் பழக்கம் வந்துவிடாது.

மழையைப் பற்றியும் டயரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல் பெருமழையைவிட வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து பசையாகி விடுவதே காரணம். நனைந்த சாலையில் நிற்கும் தூரத்தை இருமடங்காக எண்ணிக் கொள்ள வேண்டும். பிரேக் சக்கரத்தை நிறுத்தலாம். வண்டியை நிறுத்துவது டயர் சாலையைப் பற்றும் பற்றுதலே. கார்களின் டயரில் வெட்டு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டம். வழுக்கையான டயரில் வருஷக் கணக்காக ஓட்டிவிட்டுப் பிரேக்கைக் குறை சொல்வது நியாயமாகாது.

"பிரேக் பிடிக்கவில்லை" என்பது மெய்யாகவே நிகழும் இடங்களும் இல்லாமலில்லை. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே, 44-ம் நம்பர் தேசீய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர்க் கணவாயைத் தமிழர் அறிவர். சரக்கேற்றிய லாரிகள் அந்த இறக்கத்தில் கட்டுக்கடங்காமல் பாய்ந்து, முன்னே சென்ற வண்டிகளை வரிசையாக மோதி நொறுக்கிய கோரம் அங்கே ஒரு முறையன்று, பல முறை நிகழ்ந்திருக்கிறது. 2020-ம் வருஷம் டிசம்பரிலும் 2024-ம் வருஷம் ஜனவரியிலும் அங்கே மனித உயிர்கள் இவ்விதம் பலியாயின. பொதுவாக இத்தகைய இறக்கங்களில் நடப்பது என்ன? டீசலை மிச்சம் பிடிப்பதற்காகக் கியரை விலக்கி நியூட்ரலில் வண்டியை உருள விடுகிறார்கள். கியரில் இருந்தால் இஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடித்திருக்கும். அந்த உதவி போனபின் பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டியதாகிறது. இடைவிடாமல் தேய்ந்து தேய்ந்து டிரம் கொதிக்கிறது. கொதித்த பிரேக் பிடிப்பை இழக்கிறது. பிறகு மிதித்தால் பயனில்லை. இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியரில் போட்டு, இஞ்சினின் பிடியிலேயே மெல்ல இறங்க வேண்டும் என்பது ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்லிவந்த பாடமே. அங்கேயும் பிரேக் தானாகக் கெடவில்லை, கெடுக்கப்பட்டது.

ஆனால் அக்குற்றத்தை டிரைவர் ஒருவன் தலையிலேயே கட்டிவிட நாம் சம்மதியோம். லிட்டர் டீசலுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குக் கேட்டு, குறைந்தால் கூலியில் பிடிக்கும் முதலாளிக்கு அதில் பங்கில்லையா? அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றச் சொல்பவருக்குப் பங்கில்லையா? இரவு முழுவதும் கண்விழித்தவனை விடிந்ததும் மறு நடைக்கு அனுப்புபவருக்குப் பங்கில்லையா? தூங்காத கண்ணுக்கு ஒரு விநாடி போதாது என்று முன்னே சொன்னோம். அரை விநாடி தாமதம் 72 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர். ஒரு லாரியின் நீளம். நேரப் பட்டியலை நெருக்கமாக வகுத்து, ஒரு பஸ் மற்றொரு பஸ்ஸை முந்தினால்தான் வசூல் என்ற நிலைமையை உண்டாக்கும் பஸ் முதலாளிகளும் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே.

சர்க்காரின் கடமையும் சிறிதன்று. லைசென்ஸ் கேட்பவர் அவசர காலத்தில் வண்டியை நிறுத்தத் தெரிந்தவரா என்று பார்க்கவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் தேர்வுத் திடலில் பெரும்பாலும் நடப்பது என்ன? இரு சக்கர வாகனக்காரர் மெதுவாக ஒரு எட்டுப் போட்டுக் காட்டுகிறார். கார்க்காரர் சிறிது தூரம் சென்று திரும்புகிறார். வேகத்திலிருந்து நிற்கத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. ஓட்டத் தெரியும் என்பதற்குச் சீட்டுக் கொடுக்கிறோம். நிறுத்தத் தெரியுமா என்பதை முதல் விபத்துக்கு விட்டு விடுகிறோம். வேக வரம்பையும் நல்ல சாலை, நல்ல இஞ்சின் என்ற காரணங்களுக்காக உயர்த்திக் கொண்டு போவது சரியன்று. விரைவுச் சாலைகளில் 120 கிலோமீட்டர் வரை அனுமதித்த 2018-ம் வருஷத்து மத்திய சர்க்கார் அறிவிக்கையைச் சென்னை ஹைகோர்ட்டு 2021-ம் வருஷத்தில் ரத்துச் செய்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். இஞ்சின் வருஷத்துக்கு வருஷம் சீர்திருந்துகிறது. மனிதனுடைய கண்ணும் காலும் நம் பாட்டனார் காலத்தில் எவ்வளவு நேரம் எடுத்தனவோ அவ்வளவு நேரத்தையே இன்றும் எடுக்கின்றன.

கடைசியாக, காரும் லாரியும் இல்லாதவர்களை நினைக்க வேண்டும். 2022-ம் வருஷத்தில் மாண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கால்நடையாகச் சென்றவர். அவர் எந்தப் பந்தயத்திலும் சேரவில்லை. சாலைக்கு இப்புறம் குடிசையும் அப்புறம் குழாயும் இருப்பதால் குடத்துடன் குறுக்கே போனவர் அவர். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அவர். வண்டிக்கு முன்னே நாம் விட்டுச் செல்லும் வெற்றிடம் நமக்கு வீணாகத் தோன்றலாம். அவருக்கோ அந்த வெற்றிடம்தான் உயிர். அதை விழுங்கிவிட்டுப் பின்னர் இரும்பின்மீது பழி போடுவது, நாகரிகம் உள்ளவர்கள் செய்யத் தக்க காரியமன்று.

நமது வாசகர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு வாகனம் ஓட்டுபவர்கள்; ஊரில் நாலு பேர் சொற்கேட்கும் நிலையில் இருப்பவர்கள். அவர்கள் இன்று மாலை வீடு திரும்பும்போதே முன்வண்டிக்குப் பின்னால் இரண்டு விநாடி எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தமது டிரைவருக்கும் தம் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டுகிறோம். தம் ஊர்த் தேர்வுத் திடலில் நிறுத்தும் தேர்வு நடைபெறுகிறதா என்று அதிகாரிகளைக் கேட்பதும் அவர்கள் கடமையே. "பிரேக் பிடிக்கவில்லை" என்ற வாக்கியத்தை இனி யார் சொன்னாலும், "எத்தனை மீட்டர் இடைவெளி விட்டிருந்தீர்?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அக்கேள்வி நாடெங்கும் வழக்கமாகிவிட்டால், நாமும் அந்த வாக்கியத்தை இவ்வளவு அடிக்கடி அச்சிட நேராது.